நாற்பத்தொன்றாம் நம்பர் பிள்ளை

நாற்பத்தொன்றாம் நம்பர் பிள்ளை எட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு ஒன்பதாவதுக்குக் கை நீட்டியது. இரண்டு வயதில் ஆறு அடுக்கினாலே முழுப் புள்ளி. யசோதினி பேனையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த இந்த ஒரு வருஷத்தில் இப்படி ஒரு பிள்ளையை அவள் பார்த்ததில்லை.

பந்தை உதை என்றால் உதைத்தது. படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறி இறங்கியது. படப் புத்தகத்தில் மாடு எங்கே என்றால் மாட்டில் விரல் வைத்தது, குடை எங்கே என்றால் குடையில் வைத்தது. முப்பது வாரத்தில், ஒரு கிலோ இருநூறு கிராமில் பிறந்த பிள்ளை என்று பைலில் எழுதியிருக்காவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆராய்ச்சி அலுவலகம் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஜௌபர் நானாவின் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே சட்டி பானை உருளுகிற சத்தத்துக்கு நடுவேதான் மேலே பிள்ளைகளின் மூளையைப் பற்றிய ஆராய்ச்சி. பிரஷர் கூடி, மாதம் நிறையாமல் பெறப்போகிற தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னால் மக்னீசியம் ஊசி போடுவார்கள். அது பிள்ளையின் மூளைக்குக் காவல். ஊசி புதிதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊசி போட்டதற்கும் பிள்ளை பிறந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடைத்தது, அந்த நேரம் குறைந்துபோன பிள்ளைகள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் இவர்கள் தேடியது. ஊவாத் தோட்டங்களிலிருந்து அறுபத்து நான்கு பிள்ளைகளைப் பதிந்திருந்தார்கள். இரண்டு வயதில் ஒவ்வொன்றையும் கூப்பிட்டுச் சோதித்து எழுதுவது யசோதினியின் வேலை.

அன்றைக்கு எல்லாக் கட்டமும் நிரம்பி, ஒரே ஒரு கட்டம் காலியாக நின்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்ப வேண்டும்.

“ஜீவன்,” என்றாள் யசோதினி, பின்னால் நின்று. பிள்ளை கட்டையிலேயே கவனமாக இருந்தது. “ஜீவன், இங்க பாருங்க.” அசைவில்லை. கைமணியை ஆட்டினாள். வெடுக்கென்று திரும்பிச் சிரித்தது. மறுபடி பேர் சொன்னாள். மறுபடி கட்டைதான்.

“வீட்டுல குட்டின்னுதான் மிஸ் கூப்பிடுறது,” என்றாள் தாய் கலாராணி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு. லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். விடியக்காலையில் முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். ஒரு வயதுச் சோதனைக்கு வரச் சொன்னபோது அம்மை போட்டிருக்கிறது என்று ஆள் அனுப்பிவிட்டாள். அதனால் இந்த அலுவலகத்தில் பிள்ளையை முதன்முதலாகப் பார்ப்பது இன்றைக்குத்தான்.

குட்டி என்று கூப்பிட்டாலும் பிள்ளை திரும்பவில்லை. யசோதினி அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். கலாராணி பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அரக்கப்பரக்க இறங்கிப் போனாள்.

படிவத்தைப் பார்த்த டொக்டர் றின்ஸாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பிள்ளை வைத்தியர் அவர்தான். அவ்வளவு லேசில் பல்லைக் காட்டாத மனுஷி.

“ஊசி போட்டு நாப்பது நிமிஷத்துல பொறந்த புள்ள இது, யசோ. நாப்பதே நிமிஷம். இருக்குறதுலயே குறைஞ்ச நேரம் இதுக்குத்தான். அதுவே இப்படி இருக்குன்னா, கடைசி நேரத்துல போட்டாலும் போதும்னு ஆகுது.” பிறகு கண் அந்தக் கட்டத்தில் விழுந்தது. “மணிக்குத் திரும்புது, பேருக்குத் திரும்பல்லயா? அது வேற கவலை. ஓட்டிசமா இருந்தாலும் இருக்கும். அது இருக்குற இடத்துலயே, மத்தப் புள்ளைகளோட எப்படி இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வாங்க. பத்து நாளைக்குள்ள முடிக்கணும், இல்லாட்டி இரண்டு வயசுக் கணக்கு தாண்டிரும்.”

படிவத்துக்கு ஒரு குணம் உண்டு. அறுபது கட்டம் நிரம்பியிருந்தாலும் ஒரு கட்டத்தில் ‘இல்லை’ என்று விழுந்தால் அது மனுஷரைத் தூங்கவிடாது. அடுத்த செவ்வாய்க்கிழமை யசோதினி பசறை வழியாக லுணுகலைக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்து ஆட்டோவில் ஏற்றம் முழுக்க முதுகெலும்பு கழன்றுவிடுமோ என்று பயந்து பயந்து, தோட்டத்துப் பிள்ளை மடுவத்து வாசலில் போய் இறங்கினாள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது.

வாசலிலேயே அவளுக்குத் தெரிந்த முகம். எட்டுக் கட்டை அடுக்கிய பிள்ளை ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு ஓடிவந்தது.

“டிலக்ஷன், டயர வெளிய கொண்டு போகாத,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பிள்ளை சட்டென்று நின்று குரல் வந்த பக்கம் திரும்பியது.

குரலுக்குரியவள் பெரியாயி, மடுவத்து ஆயா. கையில் மாக்கஞ்சிக் கோப்பையோடு வெளியே வந்தாள். யசோதினிக்குப் பாதி விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்கத்தானே வேண்டும்.

“ஆயா, கலாராணி அக்கா மகன் ஜீவன் யாரு?”

“உள்ள இருக்கான். வாங்க.”

உள்ளே மூலையில் ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் பேசின் இருந்தது. சுற்றிலும் பழைய சேலைகளைத் திணித்து அதற்குள் ஒரு பிள்ளையை உட்காரவைத்திருந்தார்கள். சாய்ந்து விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று விறைத்துக் கிடந்தன. வயதுக்கு உடம்பு சிறிசு, கண் மட்டும் பெரிசு.

யசோதினி அதன் பின்பக்கமாகப் போய் நின்றாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, வேலைப் பழக்கம்.

“ஜீவன்,” என்றாள்.

பிள்ளை உடம்பு முழுவதையும் திருப்ப முடியாமல் தலையை மட்டும் பின்னால் சாய்த்து, தலைகீழாக அவளைப் பார்த்து, ஈறு தெரியச் சிரித்தது.

யசோதினி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். பெரியாயி கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். தோட்டத்தில் வயசானவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.

“மத்தவன் கலாராணி தங்கச்சி பாக்கியலெட்சுமி மகன்,” என்றாள் பெரியாயி. “போன கெழம ரெண்டு பேருமா பேசித்தான் கொண்டு போனாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பெரிய ஆளுங்க பாக்க வர்றப்போ நல்லதத்தானே முன்னுக்கு வைக்கிறது.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் யசோதினியும் நமுனுகுலைப் பக்கத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்து, இதே மாதிரி ஒரு மடுவத்தில் வளர்ந்தவள். தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்கிற ஆட்கள் வருகிறார்கள் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே தோட்டம் அமளிதுமளிப்படும். ரோட்டைப் பார்த்த லயத்துக்கு மட்டும், அதுவும் முன்சுவருக்கு மட்டும், சுண்ணாம்பு அடிப்பார்கள். மடுவத்தில் கொழுகொழுவென்று இருக்கிற, வாய் துடுக்கான பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து முன்வரிசையில் நிறுத்துவார்கள். மூக்கு ஒழுகுகிறது, கால் வளைந்தது, கண் சாய்ந்தது எல்லாம் அன்றைக்கு வீட்டில். யசோதினி எப்போதும் முன்வரிசை. பக்கத்து லயத்துக் கால் ஊனமான பிள்ளை அன்றைக்கு ஏன் வரவில்லை என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை. இதை நினைத்ததும் அவளுக்கு அவள்மேலேயே வெறுப்பு வந்தது.

பறித்த கொழுந்தை நிறுக்கிற மடுவத்தில் பகல் நிறுவையை முடித்துவிட்டு வந்த கலாராணி, வாசலில் யசோதினியின் செருப்பைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள். கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, பேசினிலிருந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“திட்டிருங்க மிஸ்,” என்றாள்.

“ஏன் அக்கா இப்படிச் செஞ்சீங்க?”

“இவன் பொறந்தப்போ அந்த றின்ஸா டொக்டரம்மா எம்புள்ளைய கையில ஏந்தி எத்தன நாளு நின்னாங்க தெரியுமா? நாப்பத்தாறு நாளு கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடந்தான். இவன இப்படிக் கொண்டு வந்து காட்டுனா அவங்க மூஞ்சி எப்படிப் போகும்? எனக்கு அது முடியல்ல.” பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். “அதோட பாக்கியத்துக்கு இப்ப ஆறு மாசம். கால் வீங்கியிருக்கு. பிரஷர் கூடன்னு மிட்வைப் நோனா சொல்லிட்டாங்க. எனக்கு நடந்த மாதிரியேதான் போகுது. இந்த ஊசி சரியில்லன்னு எம்புள்ளையால பேர் வந்து, ஊசிய நிப்பாட்டிட்டாங்கன்னா? அவளுக்கு யாரு போடுவா? அதான் அவளும் புள்ளையக் குடுத்தா.”

உள்ளதைச் சொன்னால், அந்த நேரம் யசோதினிக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. ஆள் மாறியதைக் கண்டுபிடிக்காதது அவளுடைய பிழை. கலாராணி கொண்டுவந்த வளர்ச்சிக் கார்ட்டில் பிள்ளையின் நிறைக் கோடு அடிமட்டத்தில் கிடந்தது, வந்த பிள்ளையோ இரட்டை நாடி. தேறிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாளே தவிர, ஒரு கேள்வி கேட்கவில்லை. பேசாமல் திரும்பிப் போய், ‘பேருக்குத் திரும்புகிறது, பிரச்சினை இல்லை’ என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? டொக்டருக்குச் சந்தோஷம், கலாராணிக்குச் சந்தோஷம், தன் வேலைக்கும் ஆபத்தில்லை.

மடியில் இருந்த ஜீவன் அம்மாவின் விரலில் ஒட்டியிருந்த தேயிலைச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். காலை மடக்க முயன்றான், அது மடங்கவில்லை. இந்தக் காலை எழுதாவிட்டால் இந்தக் காலுக்கு வைத்தியமும் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளில் இவன் படி ஏறி இறங்குகிறான்.

“அக்கா, நான் சொல்றத ஒருக்கா கேளுங்க,” என்றாள். “ஊசி நல்லதா கெட்டதான்னு நாங்க பாக்கல்ல. ஊசி நல்லதுதான், அத யாரும் நிப்பாட்ட மாட்டாங்க. எவ்வளவு முந்திப் போடணும்னுதான் பாக்குறோம். உங்களுக்கு பதுளைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் போட்டாங்க. போட்டு நாப்பது நிமிஷத்துல பிள்ள பொறந்திருச்சு. சரியா?”

“ஆமாங்க.”

“இப்ப எங்க பைல்ல என்ன இருக்கு? நாப்பது நிமிஷம் கெடச்ச பிள்ள ஓடுது, படி ஏறுது, எட்டுக் கட்ட அடுக்குது. அத வாசிக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? பதுளைக்கு வந்த பிறகு போட்டாலே போதும், அவசரமில்லன்னு. நேரம் போதலன்னு தெரிஞ்சாத்தானே லுணுகலை ஆஸ்பத்திரியிலேயே போட்டுட்டு அனுப்பணும்னு டொக்டர் கேப்பாங்க. கேக்குறதுக்கு அவங்க கையில என்ன இருக்கும்? உங்க தங்கச்சிக்கு வலி வந்தா, அவங்களும் ஊசி இல்லாமத்தான் பதுளை வரைக்கும் வரணும்.”

கலாராணி மடியில் கிடந்த விறைத்த கால்களைத் தடவினாள்.

“அப்ப நான் எந்தங்கச்சிக்கு நல்லது செய்யிறேன்னு குழியில்ல வெட்டியிருக்கேன்,” என்றாள். பிறகு பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, “என்னைக்கு வரணும்?” என்று கேட்டாள்.

டொக்டர் றின்ஸாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நடந்ததை யசோதினி ஒன்று விடாமல் சொன்னாள், தன் பிழையையும் சேர்த்து. டொக்டர் மேசையில் கையை ஊன்றி நின்று கேட்டார். “கார்ட்ல உள்ள நிறைக் கோட்டப் பாத்திருக்கணும் நீங்க,” என்றார். “நானும் பாத்திருக்கணும். எனக்கு வேண்டிய பதில் வந்ததும் நான் மேல கேக்கவே இல்ல.” பழைய படிவத்தின் குறுக்கே கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டு, காரணத்தையும் எழுதினார். அதற்குமேல் ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை. யசோதினிக்கு ஏச்சு விழுந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கலாராணி ஜீவனோடு வந்தாள். டொக்டரைக் கண்டதும் கும்பிட்டாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. டொக்டர் பிள்ளையை வாங்கிப் பாயில் படுக்கவைத்து, கால்களை மெதுவாக விரித்தும் மடக்கியும் பார்த்தார்.

“ஆறு மாசத்துலயே கொண்டு வந்திருந்தா...” என்று தொடங்கினார்.

“பிந்திருச்சா டொக்டர்?”

றின்ஸா பொய் சொல்லத் தெரியாதவர். “ஓ, பிந்தித்தான் போச்சு. ஆனா தொடங்குறதுக்கு நேரம் போகல்ல. பிசியோவுக்கு வாரத்துல ஒருநாள் வரணும், வீட்டுல ஒவ்வொரு நாளும் செய்யணும். பிடிச்சுக்கிட்டு நடக்குற அளவுக்காவது கொண்டு வரலாம்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்.”

பிறகு சோதனை. கட்டை அடுக்கச் சொன்னால் இரண்டாவது கட்டையே நடுங்கி விழுந்தது. யசோதினி எழுதினாள். பந்து, இல்லை. படி, இல்லை. நடை, இல்லை. ஒவ்வொரு ‘இல்லை’யையும் கலாராணி எட்டிப் பார்த்தாள். எழுத்து அவளுக்கு அவ்வளவு ஓடாது, ஆனாலும் பார்த்தாள். படப் புத்தகத்தை விரித்து மாடு எங்கே என்று கேட்டதும், பிள்ளை கோணல் விரலை இழுத்து இழுத்துக் கொண்டுபோய் மாட்டின்மேல் வைத்தான். குடையில் வைத்தான். வாளியில் வைத்தான். பதினாறு படத்தில் பதினைந்து சரி.

“இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா?” என்றாள் கலாராணி. முதல் தடவையாகக் கண் கலங்கியது. “யாரும் கேக்கல்லயே மிஸ். நான்கூடக் கேட்டதில்ல.”

கடைசிப் பக்கத்தில் பிறந்த நேரத்து விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். யசோதினி வாசித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது பகல் இரண்டு பத்து. ஊசி இரண்டு இருபத்தைந்து. பிறப்பு மூன்று ஐந்து.

“அதுக்கு முந்தினது?” என்றாள் கலாராணி.

“எதுக்கு முந்தினது?”

“காலையில எட்டு மணிக்கே மலையில எனக்குக் கண்ணு மங்கிருச்சு. ஒம்பதுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில இருந்தேன். ஒடனே பதுளைக்குக் கொண்டு போகணும்னு ஒம்பதே காலுக்கே சொல்லிட்டாங்க. அது எங்க இருக்கு?”

யசோதினி படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். எங்கும் இல்லை. நேரம் அங்கே ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒரு கட்டம்கூடக் கிடையாது. டொக்டர் றின்ஸா அந்தத் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பி யசோதினியிடமே கொடுத்தார்.

“சொல்லச் சொல்ல எழுதுங்க,” என்றார்.

கலாராணி பிள்ளையை மடியில் சரிபண்ணிக்கொண்டு சொன்னாள். யசோதினி எழுதினாள். எட்டு மணி, கண் மங்கியது. ஒன்பது, டிஸ்பென்சரி. ஒன்பதே கால், பதுளைக்கு அனுப்பச் சொன்னது. அந்த நேரம் லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு நின்றது. பத்தரைக்கு பேக்டரிக்குப் போனது. பதினொன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் இவளை ஏற்றியது.

“பதினொன்னர இல்ல, பதினொன்னே முக்கால். மணி பாத்துக்கிட்டே இருந்தேன். நல்லா எழுதுங்க.”

“எழுதியிருக்கேன் அக்கா.”

“ஒருக்கா வாசிங்க.”

யசோதினி முழுவதையும் வாசித்தாள். கலாராணி ஒவ்வொரு நேரத்துக்கும் தலையாட்டினாள். முடிந்ததும் யோசித்தாள்.

“இத வாசிக்கிறவங்க கொழும்புல இருப்பாங்களா?”

“ஆமா. வெளிநாட்டுலயும் இருப்பாங்க.”

“அவங்களுக்கு விளங்காது மிஸ். லொறி இல்லாட்டி வேறெதுலயாவது வந்திருக்கலாமேன்னு நெனைப்பாங்க. தோட்டத்துல வாகனம்னு இருக்குறது அது ஒன்னுதான்னு எழுதுங்க.”

யசோதினி அதையும் எழுதினாள்.